எச்சமாய் நின்ற இருள்: வீணை எஸ். பாலசந்தரின் வாழ்வும் திரைப்பணியும்

தமிழ்த் திரையுலகில் பாலசந்தர் என்று சொன்ன அளவிலேயே நம் மாணவர் நினைவுக்கு வருபவர், நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்த இயக்குநர் கே. பாலசந்தர் அவர்களே. அண்டை ஊரினர் என்ற உரிமையும் நமக்கு அவர்மீது உண்டு. எனினும் அவர் திரைத்துறைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அதே பெயருடன் படங்களை இயக்கிய வேறொருவர் இருந்தார். இசையுலகம் அவரை வீணை பாலசந்தர் என்று அறியும். திரையுலகம் அவரைப் பாதி மறந்துவிட்டது. தமிழில் பாடலே இல்லாத முதல் பேசும்படத்தை அளித்தவர், வாழ்நாள் முழுவதும் இசையையே உயிர்மூச்சாகக் கொண்டிருந்தார் என்பது வியப்புக்குரிய செய்தி. அந்த வியப்பின் வேரைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் ஒரு கவிஞரைப் பற்றி எழுதாமல் திரைக்கலைஞரைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று தயங்கினேன். எழுத எழுத அத்தயக்கம் நீங்கியது. கவிதை எழுதுவோர் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு நெறியை இவர் கேமராவின் வழியாகவும் வீணையின் வழியாகவும் காட்டிச் சென்றிருக்கிறார்.

ஓர் இரவின் நினைவு

'அந்த நாள்' திரைப்படத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது சிறுமியாக இருந்தபோது, குரும்பகரத்தில், தெருவினர் எல்லாரும் கூடும் ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிய கூடத்தில். கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி. பாட்டு வரும் வரும் என்று காத்திருந்த பெண்டிர், பாட்டு வராததை மறந்து கதையில் ஆழ்ந்துவிட்டனர். கொலையாளி யார் என்பது தெளிவாவதற்குச் சற்று முன்பு மின்சாரம் நின்றது. மீண்டு வந்தபோது படம் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று இரவு அரிக்கேன் விளக்கொளியில் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். என் அத்தை தம்பியைக் குற்றவாளி ஆக்கினார். பாட்டி நாட்டியக்காரியின்மேல் பழியைப் போட்டார். எதிர்வீட்டுப் பெரியவர் அடுத்த வீட்டுக்காரனே ஆள் என்று சாதித்தார். அவரவர் சொன்ன முடிவு அவரவர் மனத்தைக் காட்டியதே அன்றிக் கொலையாளியைக் காட்டவில்லை என்பது, பல ஆண்டுகள் கழித்து முழுப்படத்தையும் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

பிறப்பும் குடும்பமும்

எஸ். பாலசந்தர் 1927 ஆம் ஆண்டு சனவரி 18 ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். கலைஞர்களைப் போற்றிப் பேணியவர். மயிலாப்பூரில் அவர்கள் வாழ்ந்த இல்லம் இசைவாணர் பலர் வந்து போகும் இடமாக விளங்கியது. பாபநாசம் சிவன் அவ்வீட்டுக்கு நெருக்கமானவர். பாலசந்தரின் தமையனார் எஸ். ராஜம் பின்னாளில் பாடகராகவும் ஓவியராகவும் பெரும்புகழ் எய்தினார். கருநாடக இசை மும்மூர்த்திகளின் உருவங்களை இன்று நாம் எவ்வாறு மனத்தில் காண்கிறோமோ, அதில் அவர் தூரிகைக்குப் பெரும்பங்கு உண்டு. தமக்கையார் எஸ். ஜெயலட்சுமி, தியாகராஜ பாகவதர் நடித்த 'சிவகவி' (1943) படத்தின் நாயகி.

1934 இல் பிரபாத் நிறுவனம் 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப்படத்தை எடுத்தபோது இக்குடும்பமே அதில் நடித்தது. ராஜம் இராமனாகவும் ஜெயலட்சுமி சீதையாகவும் தந்தையார் சனகனாகவும் தோன்றினர். உடன்பிறந்தோர் இருவர் இராமனும் சீதையுமாய் நடித்தது அக்காலத்தில் சலசலப்பை உண்டாக்கியது. ஏழு வயதுச் சிறுவனான பாலசந்தர் அப்படத்தில் இராவணன் அவையில் கஞ்சிரா வாசிப்பவனாக வந்தார். பாபநாசம் சிவன் திரையிசைக்கு அறிமுகமானதும் அப்படத்தில்தான்.

ஆக, கேமராவும் தாளமும் அவருக்கு ஒரே நாளில் அறிமுகமாயின எனலாம். ஒன்றைவிட்டு ஒன்றுக்குத் தாவியவர் என்று அவரைக் கூறுவோர் இதனைக் கருதுவதில்லை.

ஆசான் இல்லாத மாணவர்

கஞ்சிராவில் தொடங்கிய அவர் தபேலா, ஆர்மோனியம், தில்ரூபா, சிதார் எனப் பல கருவிகளைத் தாமே பழகினார். எவரிடமும் முறையாகப் பாடம் கேட்டவரல்லர். சதுரங்கத்திலும் இளமையிலேயே வல்லவர். பதினைந்து பதினாறு வயதில் சென்னை வானொலியில் கலைஞராகப் பணிபுரிந்தார். சிதாரில் கருநாடக இசையை வாசித்து வந்தவர், நம் இசையின் கமகங்களுக்கு அக்கருவி முற்றும் இடங்கொடாது என்று உணர்ந்து வீணையைக் கையில் எடுத்தார். வீணையையும் தாமே கற்றார்.

குரு இன்றிக் கற்பது நம் மரபில் குறையாகக் கருதப்படுவது. அக்குறையே அவருக்கு ஒரு தனிவழியைத் திறந்துவிட்டது. வீணையில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மெட்டு உண்டு; விரல் மெட்டுக்கு மெட்டு நகர்ந்து சுரங்களை எழுப்பும். பாலசந்தரோ ஒரே மெட்டில் விரலை நிறுத்தித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மீட்டில் அடுத்தடுத்த பல சுரங்களை வரவழைத்தார். மீட்டுகள் குறைந்தன; நாதம் நீண்டது; கருவி குரலுக்கு அணுக்கமாயிற்று. ஒரே இடத்தில் நின்றுகொண்டு பலவற்றை எழுப்புதல் என்னும் இந்நுட்பத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவருடைய திரைப்படத்தின் திறவுகோலும் இதுவே.

திரையில் முதல் அடிகள்

1948 இல் 'இது நிஜமா' படத்தில் இரட்டை வேடம் ஏற்று நடித்து, இசையும் அமைத்தார். அதே ஆண்டில் 'என் கணவர்' படத்தை இயக்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. 1951 இல் 'கைதி' படத்தை இயக்கி நடித்தார். 'ராஜாம்பாள்' (1951), 'ராணி' (1952) முதலிய படங்களில் நடிகராக விளங்கினார். 1954 இல் வந்த ஏவி.எம். நிறுவனத்தின் 'பெண்' படத்தில் அவர் நடிக்க, அவருக்காகப் பின்னணி பாடியவர் ஜே. பி. சந்திரபாபு. இசையில் ஊறிய ஒருவர் திரையில் இரவல் குரலுக்கு வாயசைத்த விந்தை அது. பாட்டு இன்றிப் படமில்லை என்றிருந்த தமிழ்த் திரையின் கட்டாயத்தை அவர் உள்ளிருந்தே அறிந்தவர் என்பதற்கும் அதுவே சான்று.

முப்பதுகளின் தமிழ்ப்படங்கள் பல பத்துப் பாடல்களைச் சுமந்து வந்தன. ஐம்பதுகளில் எண்ணிக்கை குறைந்தாலும் பாட்டும் நடனமும் இல்லாத படத்தை எண்ணிப் பார்ப்பவர் இலர்.

நிழற்படங்களின் பிறப்பு

இவ்விடத்தில் உலகத் திரையை ஒரு கணம் நோக்குதல் வேண்டும். அமெரிக்காவில் நாற்பதுகளில் குற்றக் கும்பல்களையும் கொலைகளையும் பற்றிய சிறுசெலவுப் படங்கள் ஏராளமாக வந்தன. பெரிய படத்துக்குத் துணையாக ஒரே காட்சியில் ஓட்டப்படும் இரண்டாந்தரப் படங்களாகவே அவற்றுள் பல கருதப்பட்டன. அரங்கம் அமைக்கப் பணமில்லை, படம்பிடிக்க நாளில்லை. அவ்வறுமையிலிருந்து ஒரு காட்சிமொழி பிறந்தது. முழு அறையையும் ஒளியூட்டாமல் ஒரே விளக்கை ஒரு பக்கமாக வைத்தனர். முகத்தில் பாதி ஒளி, பாதி இருள். சன்னற் சட்டத்தின் நிழல் சுவரில் சிறைக்கம்பியாய் விழுந்தது. கட்டாத சுவரையும் வாங்காத அறைகலனையும் இருள் மறைத்துக்கொண்டது. எட்கர் உல்மர் 1945 இல் எடுத்த 'டீடூர்' படத்தில் நியூயார்க் நகரத் தெருவைக் கட்டுவதற்குப் பதிலாகப் பனிமூட்டத்தை எழுப்பி அதற்குள் மாந்தரை நடக்கவிட்டார். 1947 இல் அந்தோணி மான் இயக்கிய 'டி-மென்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஜான் ஆல்டன், ஒளியூட்டும் கலையைப் பற்றி 1949 இல் தனிநூலே வெளியிட்டார்.

இவ்வகைப் படங்களுக்குப் பெயர் இட்டது அவற்றை எடுத்த அமெரிக்கா அன்று. பிரெஞ்சுத் திறனாய்வாளர் நினோ பிராங்க் 1946 இல் இவற்றை 'பிலிம் நுவார்' என்று அழைத்தார். நுவார் என்பது கறுப்பு. பிரெஞ்சு ஆட்சியில் வாழ்ந்த நம் காரைக்காற் பெரியோர்க்கு இச்சொல் புதிதன்று. அவர்களுள் பலர் பள்ளியில் கற்ற முதற் சொற்களுள் ஒன்றாய் இருந்திருக்கக்கூடும். 1954 ஏப்ரலில் 'அந்த நாள்' வெளிவந்தபோது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில்தான் ஆட்சி கைமாறியது. கறுப்புப் படத்துக்குப் பெயர் தந்த மொழி வழங்கிய மண்ணில் இருந்துகொண்டு, தமிழின் கறுப்புப் படத்தைப் பற்றி எழுதுவதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி உண்டு.

அந்த நாள்

அகிரா குரோசாவா இயக்கிய 'ராஷோமான்' (1950) என்னும் சப்பானியப் படத்தைத் திரைப்பட விழா ஒன்றில் பாலசந்தர் கண்டார். ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறும் அமைப்பு அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அம்முறையில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்கு அனுப்பினார், ஏற்கப்படவில்லை. பின்னர் அக்கதையை ஏ. வி. மெய்யப்பனார் ஏற்றார். திரைக்கதையை ஜாவர் சீதாராமன் எழுதினார். துப்பறியும் அதிகாரியாகவும் அவரே நடித்தார். ஒளிப்பதிவு எஸ். மாருதி ராவ். முதலில் வேறு நடிகரை வைத்துப் படப்பிடிப்பு நெடுந்தூரம் நடந்து, நிறைவு தாராமையால் கைவிடப்பட்டது. அதன் பின்னரே சிவாஜி கணேசன் அவ்வேடத்துக்கு வந்தார். 'பராசக்தி' வெளிவந்து ஈராண்டுகூட ஆகாத நேரம். மக்கள் உள்ளத்தில் நாயகனாக ஏறிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், நன்மையும் தீமையும் கலந்த ஒருவனாக நடிக்க இசைந்தது துணிவான செயலே.

கதை 1943 அக்டோபரில் நிகழ்கிறது. அம்மாதம் சப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசியது வரலாறு. அக்குண்டுவீச்சின் மறுநாட் காலையில் ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, நாட்டியக்காரி, எதிர்வீட்டுக்காரர் என ஐயத்துக்குரியோர் ஐவர். ஒவ்வொருவர் கூற்றும் ஒரு பின்னோக்கு. ஒவ்வொரு கூற்றிலும் கொலையுண்டவன் வேறொருவனாகத் தெரிகிறான். கொலையாளி யார் என்பதைப் படம் பாராத அன்பர்களுக்காக இங்குக் கூறாது விடுகிறேன். இல்லறத்துக்கும் நாட்டுப்பற்றுக்கும் இடையே ஓர் உள்ளம் அறுபடுவதே கதையின் முடிச்சு என்று மட்டும் குறிப்பது போதும்.

பாடல் இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. செலவையும் நாளையும் மிகுதியாகக் கேட்கும் மூன்று உறுப்புகள் நீக்கப்பட்டன. எஞ்சியது ஒரு வீடு, ஒரு பிணம், சில முகங்கள். அவ்வெறுமையை நிரப்பும் பொறுப்பு முழுவதும் கேமராவின்மேல் விழுந்தது. பாட்டு ஆற்றவேண்டிய தொழிலை முகத்தின்மேல் விழும் ஒளி ஆற்றிற்று. அண்மைக் காட்சியில் ஒரு கண் இருளில் இருக்கும்போது, பேசுபவர் சொல்லாததும் ஒன்று உண்டென்று பார்ப்பவர் தாமே உணர்கின்றனர்.

இங்கே என் துறைக்குரிய ஒரு கருத்தைச் சொல்ல விழைகிறேன். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்கு உறுப்புகள் கூறும்போது அசை, சீர், அடி இவற்றோடு கூற்று, கேட்போர், களன், முன்னம், எச்சம் என்பனவற்றையும் எண்ணுகிறார். அகப்பாடலில் கவிஞர் தாமே பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், பரத்தையும் பேசுவாள். தலைவன் ஒருவனே, தலைவி கூற்றில் அவன் ஒருவன், பரத்தை கூற்றில் அவன் வேறொருவன். யார் யாரிடம் சொன்னது என்று அறிந்தாலன்றிப் பாட்டின் பொருள் விளங்காது. 'அந்த நாள்' காட்டும் உத்தி சப்பானிலிருந்து வந்தது என்பது வரலாற்று உண்மை. அதை ஐயுற வேண்டுவதில்லை. ஆனால் அதை ஏற்றுக்கொள்ளும் மனப்பழக்கம் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருந்தது என்பதும் உண்மையே. குரும்பகரத்துத் திண்ணையில் ஆளுக்கொரு முடிவு சொன்ன என் பாட்டியும் அத்தையும் எவரிடமும் அதைப் பாடம் கேட்டவரல்லர்.

எச்சம் என்னும் உறுப்பு இன்னும் ஆழமானது. சொல்லாது விட்டதும் செய்யுளின் ஓர் உறுப்பே என்று இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் இருள் ஆற்றும் தொழில் அதுவே. காட்டாமல் விட்ட பகுதியும் சேர்ந்துதான் காட்சி முழுமை பெறுகிறது. நம் ஊர்த் தாயான காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டின் சுடுகாட்டு இருளையே தம் பாட்டுக்குக் களனாக்கிக் கொண்டார். பிணஞ்சுடு தீயின் ஒளியில் பேய்களின் உருவம் தோன்றி மறைய, அவ்விருளின் நடுவே ஆடும் இறைவனைக் கண்டார். இருளைக் குறை என்று கருதாமல் காட்சிக்குரிய களன் என்று கொண்ட கவியுள்ளம் அது.

தோல்வியும் சான்றும்

1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி 'அந்த நாள்' வெளிவந்தது. திறனாய்வாளர் பாராட்டினர், மக்கள் திரண்டு வரவில்லை. பாட்டில்லாப் படம் என்ற செய்தியே பலருக்கு ஏமாற்றமாயிற்று. தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றபின் மீண்டும் திரையிடப்பட்டபோதே வரவேற்புக் கிட்டியது. தமிழ்த் திரை அதன் பின்னரும் பாட்டைக் கைவிடவில்லை. பாடலற்ற படங்கள் நெடுங்காலம் அருகியே வந்தன. வழியைத் திறந்து காட்டியும் பின்வருவோர் இல்லாமற் போவது முன்னோடிகளுக்கு நேரும் துயரம்.

இதில் ஒரு வினா எழுகிறது. இசைக்கலைஞர் ஒருவர் இசையை ஏன் விலக்கினார்? இசையை இழிவாகக் கருதியதனால் என்று கொள்ள இடமில்லை. அதன் அருமை அறிந்தமையால், கதையின் ஓட்டத்தில் இடைவேளைப் பண்டம்போல அது விற்கப்படுவதை அவர் உள்ளம் ஒப்பவில்லை என்றே நான் கருதுகிறேன். வீணையில் வேண்டாத மீட்டைக் குறைத்தவர் திரையில் வேண்டாத பாட்டை நீக்கினார். ஒரே மெட்டில் நின்று தந்தியை இழுத்துப் பல சுரங்களை எழுப்பியவர், ஒரே கொலையில் நின்று அதையே இழுத்துப் பல உண்மைகளை எழுப்பினார். கை இரண்டானாலும் மனம் ஒன்றே.

சொந்தப் படங்கள்

1956 இல் 'ஏதி நிஜம்' என்ற தெலுங்குப் படத்தையும் 1958 இல் கே. ஆர். ராமசாமி நடித்த 'அவன் அமரன்' படத்தையும் இயக்கினார். அறுபதுகளில் தாமே தயாரிப்பாளராகி மூன்று படங்களை எடுத்தார்: 'அவனா இவன்' (1962), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970). பெரிய நிறுவனத்தின் துணையின்றி எடுத்த படங்கள் இவை. மூன்றும் குற்றமும் அச்சமும் பற்றியன.

அவற்றுள் 'பொம்மை' தனித்துச் சுட்டத்தக்கது. ஒருவரைக் கொல்லத் திட்டமிடும் சதிக்கும்பல், பொம்மை ஒன்றினுள் வெடிகுண்டை மறைத்து வைக்கிறது. அப்பொம்மை உரியவரிடம் தங்காமல் கைமாறிக் கைமாறி நகரெங்கும் செல்கிறது. யார் கையில் எப்போது வெடிக்கும் என்பதே கதை. இங்கே அச்சம் ஊட்டுவதற்குப் பெரிய அரங்கமோ துப்பாக்கிப் போரோ தேவைப்படவில்லை. ஒரு குழந்தையின் விளையாட்டுப் பொருளே போதுமானதாயிற்று. பார்ப்பவருக்குத் தெரிந்த ஒன்று பாத்திரத்துக்குத் தெரியாதிருத்தல் என்னும் சிறு இடைவெளியிலிருந்தே முழுப்பதற்றமும் பிறக்கிறது. கைப்பொருள் குறைந்த கலைஞனுக்குக் கற்பனையே முதல் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

இப்படத்தில் பாடல்கள் உண்டு, இசையும் பாலசந்தரே. கே. ஜே. யேசுதாஸ் தமிழில் பாடி முதலில் வெளிவந்த படம் இதுவே. படத்தின் இறுதியில் நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் இயக்குநரே திரையில் தோன்றி அறிமுகப்படுத்தும் புதுமையும் உண்டு. விளக்குப் பிடித்தவரும் படத்தொகுப்பாளரும் முகம் காட்டும் வாய்ப்பை அக்காலத்தில் பெற்றது அரிதினும் அரிது.

'நடு இரவில்', அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவல் ஒன்றின் சாயலில் அமைந்தது. தனித்த மாளிகை ஒன்றில் கூடிய உறவினர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். எடுத்து முடித்தும் உடனே வெளிவராமல் காலந்தாழ்ந்து 1970 இல் வந்தது. அத்துடன் அவர் திரைப்பணியை நிறுத்திக்கொண்டார்.

வீணையே வாழ்வாக

எஞ்சிய இருபது ஆண்டுகள் வீணைக்கே உரியனவாயின. அமெரிக்கா, ஐரோப்பா, சப்பான் முதலிய நாடுகளில் அவர் வீணை ஒலித்தது. இசைத்தட்டுகள் பல வெளிவந்தன. எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்கள் முழுவதையும் வீணையில் வாசித்துப் பதிவு செய்தது அவர்தம் உழைப்பின் உச்சம். நடுவணரசு 1982 இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

அவர் குணத்தின் கடுமையையும் மறைத்தல் முறையன்று. தம் கருத்தில் அசையாதவர். வாதத்தில் இறங்கினால் எதிரியின் மனம் புண்படுவதைப் பொருட்படுத்தாதவர். புதிய இராகங்களைப் படைத்ததாகக் கூறுவது பற்றி எம். பாலமுரளிகிருஷ்ணாவுடன் எண்பதுகளில் கடும் வாதப்போர் நிகழ்த்தினார். சுவாதித் திருநாள் பெயரால் வழங்கும் கீர்த்தனங்கள் உண்மையில் அவர் இயற்றியனவா என்று வினவி இசையுலகையே கலங்கச் செய்தார். மூத்த வித்துவான்கள் பலர் அவரை மறுத்தனர். சுவாதித் திருநாளின் கீர்த்தனங்கள் இன்றும் மேடைதோறும் பாடப்படுகின்றன. பாலமுரளிகிருஷ்ணாவின் இராகங்களும் நிலைத்துவிட்டன. ஆகவே அப்போர்களில் அவர் வென்றார் என்று சொல்வதற்கில்லை. எனினும் யார் கூற்று, எதற்குச் சான்று, கண்டவர் எவர் என்று கேட்டுக்கொண்டே இருந்த அம்மனம், 'அந்த நாள்' படத்தின் துப்பறிவாளனுடைய மனமே என்பது என் துணிபு. கலைக்கு வளம் சேர்த்த அதே குணம் வாழ்வில் பகையையும் சேர்த்தது. ஒரு குணத்தின் ஒளிப்பக்கம் ஒன்று, நிழற்பக்கம் ஒன்று.

1990 ஆம் ஆண்டு, கச்சேரிக்காகச் சென்றிருந்த பிலாய் நகரில் மாரடைப்பால் காலமானார். அன்று ஏப்ரல் 13. 'அந்த நாள்' திரையைக் கண்ட நாளும் அதுவே. இடையே கழிந்தவை முப்பத்தாறு ஆண்டுகள். அவருக்கு வயது அறுபத்து மூன்று. 2027 சனவரி 18, அவர் பிறந்து நூறாண்டு நிறையும் நாள்.

நமக்கு அவர் விட்டுச்சென்றது

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் கவிதைகள் வாசிக்கப்பட்டு வருகின்றன. கைதட்டலுக்காக ஒரு வரியை இருமுறை படிக்கும் வழக்கமும், உவமைக்குமேல் உவமை அடுக்கும் வழக்கமும் நம்மிடையே வளர்ந்திருப்பதை அன்பர்கள் அறிவர். நானும் அதற்கு விலக்கல்லள். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எச்சத்தைப் பற்றி நீண்ட இயல் ஒன்று எழுதினேன். ஆயினும் என் கவிதைகளில் எதையும் எஞ்சவிட்டதில்லை. சென்ற ஆண்டு ஒரு கூட்டத்துக்காக எழுதிய இருபத்திரண்டு வரிக் கவிதையை, இக்கட்டுரைக்காகப் படத்தை மீண்டும் பார்த்த மறுநாள் எடுத்துப் படித்தேன். அதில் பாட்டுக்காட்சியாய் நின்ற வரிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஒன்பது வரிகள் மிஞ்சின. அடித்தவற்றுள் நான்கு வரிகள் நீங்கள் கைதட்டியவை. அடிக்கும்போது கை நடுங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் பாலசந்தர் செய்தது எத்தகைய செயல் என்பது புரிந்தது. பாடத் தெரியாதவர் பாட்டை விடுவது எளிது. பாட்டையே செல்வமாக உடையவர், மக்கள் விரும்பிக் கேட்பது அதையே என்று நன்கறிந்தும், இக்கதைக்கு வேண்டா என்று ஒதுக்கி வைத்தார். அதனால் நேர்ந்த தோல்வியையும் ஏற்றார். நூற்றாண்டு நிறையும் அவருக்கு நாம் எடுக்கும் விழா, மேடையும் மாலையுமாக அமைய வேண்டுவதில்லை. குரும்பகரத்தில் ஒரு மாலைப்பொழுதில் கூடி 'அந்த நாள்' படத்தை முழுவதும் பார்ப்போம். இம்முறை மின்சாரம் நிற்காதிருக்கட்டும். பார்த்தபின் ஒவ்வொருவரும் தத்தம் கவிதை ஒன்றை எடுத்து, அதில் எதை இருளில் விடலாம் என்று எண்ணிப் பார்ப்போம். பத்தாண்டு கடந்த வட்டத்துக்கு அது நல்ல தொடக்கமாக இருக்கும்.